பச்சை பீரோவும் மாட்டுச் சங்கிலியும்

என் கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்த மர பீரோ கிளிப்பச்சையாக இருந்தது.

பீரோவைக் குறை சொல்ல முடியாது. அன்னூரில் எங்கள் தோட்டத்து வேப்பமரத்தை அறுத்து, ஆசாரியை வீட்டிலேயே வைத்து, அப்பா பக்கத்தில் நின்று செய்வித்தது. ஆள் உயரம், இரண்டு கதவு, உள்ளே முகம் பார்க்க ஒரு கண்ணாடி. கடைசியில் பெயிண்ட் அடிக்க வந்தவர்தான் அப்படி ஒரு பச்சையை அடித்துவிட்டார். காலை வெயில் அதன்மேல் பட்டால் எதிர்ச் சுவரும் பச்சையாகிவிடும். துடியலூரில் நாங்கள் குடிபோன மாடி வீட்டுக்கு அதைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்று பார்த்தார். "நல்லா தூரத்துலயே தெரியுமுங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. என் வீட்டுக்காரர் காங்கேயத்துப் பக்கம். கோயமுத்தூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடும் வேலை. கூச்ச சுபாவம். எனக்கும் அப்போது அதிகம் பேச்சு வராது. கல்யாணமான புதிதில் எங்களுக்குள் நடந்த பேச்சு முழுக்க சாப்பாட்டைப் பற்றியதுதான். சாப்பிட்டாச்சா என்று அவர் கேட்பார், இல்லையென்றால் நான் கேட்பேன். அவர் காலையில் பீரோக் கதவைத் திறந்து கண்ணாடி பார்த்துத் தலை வாரும்போது மட்டும் ஒரு கண்ணை லேசாகச் சுருக்கிக்கொள்வார். அவருக்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் பிடிக்கவில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாமனார் கொடுத்ததைக் குறை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்பா கொடுத்ததைக் குறை சொல்ல எனக்கும் வரவில்லை.

கீழே குடியிருந்தவர் வீட்டின் சொந்தக்காரம்மா. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், கணவர் இல்லை, ஒரே மகள் அமெரிக்காவில். மகள் படித்து முடித்த வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வந்து சேரும். படம் பார்த்து முடித்ததும் அக்கா எனக்குக் கொடுத்துவிடுவார். அலமாரித் தட்டில் விரிக்க வழவழவென்று நன்றாக இருக்கும் என்பார்.

அப்படி ஒரு நாள் சமையலறைத் தட்டுக்குத் தாள் கிழித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் பீரோ படம் இருந்தது. பாலேடு நிறத்தில் பெயிண்ட். ஓரங்களிலும் கைப்பிடியைச் சுற்றியும் பெயிண்ட் தேய்ந்து, அடியிலிருந்து நீலம் எட்டிப்பார்த்தது. அங்கங்கே இடிபட்ட சொட்டை. யாரோ இல்லாதப்பட்டவர் வீடு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த பீரோவின் மேல் ஒரு வெள்ளிச் சாடியில் ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். குழப்பமாக இருந்தது. வேலையிலிருந்து வந்தவரிடம் காட்டினேன்.

அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். பிறகு சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன்.

"இது பழைய பீரோ இல்லீங்க. புதுசை வாங்கிப் பழசாக்கறாங்க. அதுக்கு வழி எழுதியிருக்குது" என்றார்.

அந்த வழிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் டிஸ்ட்ரெஸ். அகராதியை எடுத்துப் பார்த்தோம். துயரம், இடுக்கண், வேதனை என்று போட்டிருந்தது. மரத்துக்கு எப்படி வேதனை கொடுப்பது என்று நான் கேட்க, அவர் மறுபடி சிரிக்க, அன்று ரசம் கொதித்துப் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழக்கடையிலிருந்து ஓர் ஆப்பிள் பெட்டி வாங்கி வந்தார். முதலில் அதில் சோதனை. முறை எளிமையானதுதான். அடியில் ஒரு நிறம் அடித்துக் காயவிட வேண்டும். அதன்மேல் மெழுகுவத்தியைத் தேய்க்க வேண்டும். பிறகு இன்னொரு நிறம். அது காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால், மெழுகு இருக்கும் இடத்தில் மேல் பெயிண்ட் பிடிக்காமல் உரிந்து, அடி நிறம் தெரியும். பல வருஷம் கைபட்டுத் தேய்ந்ததுபோல் இருக்கும். நாங்கள் ஆர்வத்தில் பெட்டி முழுவதும் மெழுகைத் தேய்த்துவிட்டோம். காய்ந்த பிறகு அவர் ஒரு மூலையை நகத்தால் கிளப்ப, வெள்ளைப் பெயிண்ட் மொத்தமும் கல்லிலிருந்து கிளம்பும் முறுகல் தோசை மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டுக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். தேங்காய்ச் சட்னி என்றார்.

அப்புறம்தான் புரிந்தது. கைபடும் இடத்தில் மட்டும் மெழுகு. ஓரம், மூலை, பிடி, அவ்வளவுதான். பெட்டியின் மறுபக்கத்தில் அப்படிச் செய்து பார்த்தோம். வெள்ளையின் விளிம்பில், அடியில் அடித்திருந்த காவி மெல்லக் கசிந்து வந்ததை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி பீரோவைப் பார்த்தோம்.

"அது உங்கப்பா குடுத்ததாச்சே" என்றார் அவர்.

"பீரோவைத்தானுங்க அப்பா குடுத்தாங்க. பச்சை பெயிண்டுக்காரர் குடுத்தது" என்றேன்.

எனக்கே அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பீரோவுக்கு என்று அந்தப் பக்கத்தில் சொல்லியிருந்த முதல் வேலை, சங்கிலியால் அடிப்பது. காலகாலமாக வீட்டுச் சாமான்கள் இடித்த சொட்டை அப்போதுதான் வருமாம். எங்கள் வீட்டில் சங்கிலி ஏது? அவர் சனிக்கிழமை காங்கேயம் பஸ் ஏறிப்போய் அவர்கள் தோட்டத்திலிருந்து மாடு கட்டும் சங்கிலி ஒன்றை எடுத்து வந்தார். மாடு வாங்கியிருக்கிறீர்களா என்று என் மாமியார் கேட்டதற்கு, கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டாராம். துணிப்பையிலிருந்து ஒரு முனை தொங்கிக் கலகலக்க அவர் படியேறியதை, கீழே கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்த அக்கா பார்த்திருக்கிறார். எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தோம். நல்ல பீரோவை அடிக்கக் கை வரவில்லை. முதலில் பின்பக்கம் அடித்துப் பார்க்கலாம் என்றேன். அன்று நான் சொன்னதையெல்லாம் பிற்பாடு அக்கா எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார். மாடிப்படி வழியாகக் கீழே இறங்கியது இவ்வளவுதான்: "மூஞ்சியில வேண்டாமுங்க, மொதல்ல முதுகுல அடிங்க." அதற்குப் பிறகு சங்கிலிச் சத்தம். பிறகு என் குரல், "இன்னும் ஓங்கி அடிங்க, தாங்கும்." எனக்குச் சிரிப்பு முற்றினால் சத்தம் வராது. தேம்பல்தான் வரும். அதுவும் கீழே கேட்டிருக்கிறது.

அந்த வாரம் முழுக்க நான் ஏதாவது ஓர் அடையாளத்தோடுதான் இருந்தேன். பூச்சி அரித்த துளை மாதிரி வருவதற்காக ஆணியும் சுத்தியலும் வைத்துத் தட்டும்போது கட்டைவிரலில் போட்டுக்கொண்டேன். விரலில் துணி சுற்றியிருந்தது. சொட்டைகளில் கருப்பு ஷூ பாலிஷ் தேய்த்துப் பார்த்ததில் கன்னத்தில் கொஞ்சம் ஒட்டி, எவ்வளவு கழுவியும் நீலமாக நின்றது. தண்ணீர் பிடிக்கக் கீழே போனபோது அக்கா என் கையைப் பிடித்துப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், என்ன ஆயிற்று என்று கேட்டார். புது பீரோவைப் பழசாக்குகிறோம் என்று எந்த வாயால் சொல்வது? பைத்தியம் என்று நினைப்பார். போதாததற்கு அப்பாவுக்கும் சேதி போய்விடும். இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன்.

"எதுலே அம்மணி இடிச்சுக்கிட்டே?"

"பீரோவுலீங்கக்கா."

அக்கா என் கையை மெதுவாக விட்டார். அன்று சாயங்காலம் முருங்கைக்கீரைப் பொரியலும் ஒரு கிண்ணம் நெய்யும் மேலே வந்தன. சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளச் சொன்னார். எப்போது வேண்டுமானாலும் கீழே வந்துவிடலாம், கதவு திறந்தே இருக்கும் என்றார். எவ்வளவு நல்ல மனுஷி என்று நான் நெகிழ்ந்துபோனேன். என் வீட்டுக்காரருக்குத்தான் ஒரே குழப்பம். காலையில் கும்பிட்டால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். தண்ணீர் மோட்டார் அதிக நேரம் ஓடியதோ என்று கவலைப்பட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீரோவின் கதவுப் பக்கம். போன வாரத்துக் கூச்சமெல்லாம் போயிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இன்னிக்குக் கொஞ்சம் வேதனைப்படுத்தலாமா அம்மணி" என்றார். நான் தரையில் உட்கார்ந்து ஆணித்துளை போட, அவர் சங்கிலியைச் சுழற்றினார். ஒரு தடவை சங்கிலி பீரோவை விட்டுவிட்டு அவர் முதுகையே சுற்றி வந்து தட்டியது. அவர் நின்ற நிலையில் நெளிந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போதும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

கீழே அக்கா போனை எடுத்துவிட்டார். வீடு பார்க்க வந்தபோது அப்பா அன்னூர் வீட்டு நம்பரை அவரிடம் கொடுத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் வாசலில் கார் வந்து நின்ற சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. கதவு தட்டும் சத்தம்தான் கேட்டது. அவர் போய்த் திறந்தார். வெளியே அப்பா, அவருக்குப் பின்னால் சித்தப்பா, படியில் அக்கா. திறந்தவர் கையில் சங்கிலி.

அப்பா அந்தச் சங்கிலியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி நேரே உள்ளே வந்தார். நான் தரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கன்னத்தில் பாலிஷ், விரலில் கட்டு, தலை கலைந்து கிடந்தது. அப்பா என் கையைப் பிடித்து எழுப்பிச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

"கெளம்பு சாமி. ஊட்டுக்குப் போலாம். ஏன் எதுக்குன்னு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். உன்ற ஊடு அங்க அப்படியேதான் இருக்குது."

அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயந்துபோனேன். அம்மாவுக்கு என்ன என்று கேட்டேன். அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு யாருக்கு என்ன என்று கேட்டேன். அப்பா என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே நேரம் முன்அறையில் சித்தப்பா, என் வீட்டுக்காரர் முன்னால் கையை நீட்டி, அந்தச் சங்கிலியைக் கொடு என்றிருக்கிறார். சித்தப்பா வாட்டசாட்டமான ஆள். பேசினாலே சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும். இவரோ வீட்டுக்கு வந்த பெரியவரை வரவேற்கும் மரியாதையோடு சங்கிலியை இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்சந்தானுங்க மாமா பாக்கி. நீங்களும் ரெண்டு போடறீங்களா?" என்றார்.

சமையலறையில் எங்களுக்கு அது தெளிவாகக் கேட்டது. அப்பா என் கையை விட்டுவிட்டு வேகமாக வெளியே வந்தார். நானும் பின்னால் ஓடினேன். சித்தப்பா சங்கிலியோடு நின்றிருந்தார். அவர் கண் பீரோமேல் இருந்தது. கதவு பூராவும் சொட்டை. கீழே ஆணி, சுத்தியல், மெழுகுவத்தி, உப்புத்தாள், ஷூ பாலிஷ். சுவரில் ஒட்டியிருந்த பத்திரிகைத் தாள்.

நான் படபடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். படம், அகராதி, ஆப்பிள் பெட்டி, முறுகல் தோசை ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல சித்தப்பாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அவர் சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்து, சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். தான் எதற்காகத் திட்டப்பட இருந்தோம் என்பது அப்போதுதான் என் வீட்டுக்காரருக்குப் புரிந்தது. காதுவரை சிவந்துவிட்டார்.

அப்பா சிரிக்கவில்லை. பீரோவின் முன்னால் போய் நின்று ஒரு சொட்டையை விரலால் தடவினார்.

"பச்சை புடிக்கலீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல கண்ணு" என்றார்.

"நீங்க ஆசையாக் குடுத்ததுங்கப்பா. எப்படிச் சொல்றது."

அப்பா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அந்தப் பச்சை தனக்கும் பிடிக்கவில்லை என்றார். பெயிண்டுக்காரர் கலந்து எடுத்து வந்துவிட்டார், அம்மா லட்சணமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார், அதற்குமேல் பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாராம். ஒருவர் மனசு நோகக்கூடாது என்று இன்னொருவர் வாயை மூடிக்கொண்டதில், கடைசியில் அந்தப் பச்சையை ஆசைப்பட்டவர் அம்மா ஒருவர்தான் என்று தெரிந்தது. பிறகு அப்பா சுவரில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். இதுதான் வேண்டுமென்றால் ஆட்டுப்பட்டிக் கதவையே பெயர்த்துக் கொடுத்திருப்பேனே, வேம்பை வெட்டியிருக்க வேண்டியதில்லையே என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகம் இளகியது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார்.

அக்காவைக் காணவில்லை. போய்ப் பார்த்தால், மாடிப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெரிய தப்புப் பண்ணிப்போட்டேன் அம்மணி. அந்தத் தம்பி மொகத்துல எப்படி முழிப்பேன்" என்றார்.

தப்பே இல்லை என்றேன். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. சத்தம் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடுகிறவர்கள்தான் எங்கும் அதிகம். ஏதோ நடக்கிறது என்று நினைத்ததும் போனை எடுத்தார் அவர். கேட்டதும் வேட்டியைக்கூட மாற்றாமல் காரைப் பிடித்து வந்து, காரணம் கேட்காமல் வீட்டுக்கு வா என்றார் என் அப்பா. கட்டிக்கொடுத்தால் முடிந்தது என்று பேசும் ஆட்கள் நடுவில் வளர்ந்த எனக்கு, இப்படியும் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அன்று காலைதான் தெரியவந்தது. படியில் உட்கார்ந்திருந்தபோது மனசு பறந்தது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்து மேலே கூட்டி வந்தேன்.

அன்று மதியம் எல்லாருக்கும் அரிசிம்பருப்பு சாதம் செய்தேன். அக்கா அப்பளம் பொரித்துக் கொண்டுவந்து, முதல் அப்பளத்தை என் வீட்டுக்காரர் தட்டில் வைத்தார். சாப்பிட்டதும் சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டு மிச்சமிருந்த அடியெல்லாம் தானே அடித்துக் கொடுத்தார். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் வாராவாரம் வந்திருப்பேன் என்றார். அப்பாவுக்குப் பார்க்க மனசு வரவில்லை, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கிளம்பும்போது மட்டும் சங்கிலியை வாங்கி, கன்றுக்குட்டியைத் தட்டுவதுபோல் பீரோவின் பக்கவாட்டில் மெதுவாக ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

பிறகு வந்த நாட்களில் மேல் பூச்சு வேலை. பச்சையின் பளபளப்பை உப்புத்தாளால் மங்கலாக்கினோம். ஓரங்களிலும் மூலைகளிலும் பிடியைச் சுற்றியும் மெழுகு தேய்த்தோம். அதன்மேல் பாலேடு நிறம் பூசினோம். பெயிண்ட் காயும்வரை பொறுக்க முடியவில்லை. அவர் கம்பெனியிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் போய் ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பார். தொட்ட அடையாளம் விழும். அதன்மேல் மறுபடி பூசுவோம். இதைப் பார்க்க அக்காவும் தினம் மேலே வர ஆரம்பித்தார். கீழே இருக்கும் செருப்பு அலமாரிக்கும் ஏதாவது வேதனை கொடுக்க முடியுமா என்று ஒரு நாள் கேட்டார்.

தேய்க்கும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. ஆளுக்கொரு கதவு. முதலில் வெறும் பொடிதான் பறந்தது. பிறகு என் பக்கத்து மூலையில் பச்சை ஒரு கீற்றாக வந்தது. இத்தனை நாள் கண்ணைக் குத்திய அதே பச்சைதான். வெள்ளைக்கு நடுவில் மெலிசாகத் தெரிந்தபோது இளம் வெற்றிலைபோல் அவ்வளவு அழகாக இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பக்கத்தில் கைப்பிடியைச் சுற்றி வந்திருந்ததைக் காட்டினார். இங்கே பாருங்க, இங்கே பாரு என்று மாறி மாறிக் கூப்பிட்டதில் நேரம் போனதே தெரியவில்லை. சாயங்காலம் காந்திபுரத்தில் அவரோடு வேலை செய்பவரின் வரவேற்புக்குப் போக வேண்டும் என்பது கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. கை காலை மட்டும் கழுவி, நான் பட்டுச்சேலையைச் சுற்றிக்கொள்ள, அவர் புதுச் சட்டை போட்டுக்கொள்ள, ஓடிப்போய் பஸ் ஏறினோம். கண்ணாடி பார்க்கவில்லை. கண்ணாடி இருந்த கதவைத்தான் கழற்றித் தரையில் போட்டிருந்தோமே.

பஸ்ஸில் நல்ல கூட்டம், மங்கிய விளக்கு. என்னைப் பார்த்ததும் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் சட்டென்று எழுந்தான்.

"இப்படி உக்காருங்க அமுச்சி" என்றான்.

எங்கள் பக்கம் பாட்டியைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திரும்பி அவரைப் பார்த்தேன். தலை, புருவம், மீசை எல்லாம் பெயிண்ட் பொடியில் வெளுத்திருந்தது. என் தலையும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பையன் என் முகத்தை அருகில் பார்த்துவிட்டு விழித்தான். அவர் துளியும் சிரிக்காமல், தம்பி இவ்வளவு மரியாதையாகச் சொல்லும்போது உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்தேன். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அவர் தலையிலிருந்து கொஞ்சம் பொடி உதிர்ந்து முன்சீட்டுக்காரர் தோளில் விழுந்தது. வடகோவை தாண்டும்வரை நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.